ஒரே தெருவுக்கு ஆறு வண்டி: மாநகராட்சிக்கும் கும்டாவுக்கும் ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், ஆணையர் அவர்களுக்கும், கும்டா என்று எல்லோரும் அழைக்கும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் நான். எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேன் கிடையாது, லிஃப்ட் கிடையாது. தண்ணீர் லாரிக்குச் சொல்வது, மோட்டார் ரிப்பேர், மெயின்டனன்ஸ் வசூல் என்று இருந்த என் வேலையோடு, வீட்டில் ஆள் இல்லாதவர்களின் பார்சலை வாங்கி வைப்பதும் சேர்ந்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. அப்படி வாங்கி வாங்கிப் பார்த்ததில்தான் இதை எழுதத் தோன்றியது.

ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை. நானும் வாங்குகிறேன். முழங்கால் வலியோடு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நுழைய முடியாத எங்கள் மாடி வீட்டு மாமிக்கு அது பெரிய ஒத்தாசை. வாங்கிய பொருள் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை எப்படிக் கடந்து வருகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

பகல் பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நின்று பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் வெள்ளைச் சாக்கு, முதுகில் பெரிய பை, ஹேண்டிலில் மாட்டிய போன் என்று ஒரு தம்பி வருவார். எங்கள் கட்டடத்தில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று கொடுத்துவிட்டு அயோத்தியா மண்டபம் பக்கம் திரும்புவார். கொஞ்ச நேரத்தில் அதே அயோத்தியா மண்டபம் பக்கமிருந்து வேறு கம்பெனித் தம்பி இங்கே வருவார். அவர் சாக்கிலும் எங்கள் கட்டடத்துக்கு ஒன்று இருக்கும். பிறகு துணிமணிக்காரர், மாத்திரை கொண்டுவருபவர், கூரியர்க்காரர், நாய்த்தீனி கொண்டுவருபவர். ஒருவர் சாக்கில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது. அத்தனை பேரும் சுற்றுவது அதே நாலு தெருதான்.

இவர்களுக்குச் சாக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆரியகவுடா சாலைக்குப் போக வேண்டும். ஒரு வேன் ஓரமாக நிற்கும். ஓரம் என்று நான்தான் சொல்கிறேன். பாதிச் சாலை அதற்குள் போய்விடும். மூட்டைகளைப் பிளாட்பாரத்தில் இறக்கி, சுற்றிலும் பைக்குகள் நிற்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக ஸ்கேன் செய்து பிரித்துக்கொள்வார்கள். வெயில் ஏறினால் கடை ஷட்டர் ஓரம், மழை வந்தால் ஏதாவது ஒரு வாசல். நடந்து போகிறவர்கள் சாலையில் இறங்கித்தான் போயாக வேண்டும். கம்பெனிக்கு இது வாடகையில்லாத கிடங்கு. கனரக லாரி எந்த நேரத்தில் ஊருக்குள் வரலாம் என்று நாம் விதி வைத்திருக்கிறோம். அதே சரக்கு நூறு ஸ்கூட்டராகப் பிரிந்து வந்தபோது கேட்க ஆளில்லை.

இதே தெருவுக்குக் காலையில் உங்கள் குப்பை வண்டி வருகிறது. பேட்டரி வண்டி, சத்தமில்லை, புகையில்லை. ஒன்றே ஒன்றுதான் வருகிறது. இன்ன வீட்டுக் குப்பைக்கு இன்ன கம்பெனி என்று தனித்தனியாக ஆறு வண்டி வருவதில்லை. ஆறு வண்டியில் தனித்தனியாக வந்து சேர்ந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் மறுநாள் ஒரே வண்டியில் ஏறிப் போகின்றன. வந்த வழியிலும் ஏன் அப்படி வர முடியாது என்பதுதான் என் கேள்வி.

வர முடியாததற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை, கணக்குதான் காரணம். டெலிவரி செய்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடைய கைக்காசு, டயர் தேய்ந்தாலும் அவர் பாடு. ஒரு தெருவுக்கு இரண்டு பார்சலோடு வந்தாலும் இருபதோடு வந்தாலும் கம்பெனிக்குப் பெரிய வித்தியாசமில்லை. சாலை உங்களுடையது, பெட்ரோல் தம்பியுடையது, புகையைச் சுவாசிப்பது நாங்கள். சுற்றைக் குறைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்க வேண்டுமோ அவருக்கு மட்டும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நாளுக்கு ஒன்றரை லிட்டர் போடுகிற ஒருவர் மட்டும் மூன்றரை கிலோ சேர்க்கிறார், கையிலிருந்து நூற்றைம்பது ரூபாயும் இழக்கிறார். அந்த ஒன்றரை லிட்டரில் எவ்வளவு உண்மையில் தேவையான ஓட்டம், எவ்வளவு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்த ஓட்டம் என்று கம்பெனியின் கணினிக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

இப்படியே விட்டால் 2030-க்குள் உலகின் முதல் நூறு நகரங்களில் டெலிவரி வண்டிகள் 36 சதவீதம் கூடும் என்று உலகப் பொருளாதார மன்றம் 2020 ஜனவரியில் கணித்தது. அது கொரோனா நம்மை வீட்டுக்குள் அடைப்பதற்கு முன்பு போட்ட கணக்கு. கொத்தமல்லிக்கட்டு பத்து நிமிடத்தில் வரும் என்ற விளம்பரம் நம் ஊரில் கிளம்புவதற்கும் முன்பு.

மின்சார வண்டிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உடனே பதில் வரும். மாறட்டும், சந்தோஷம். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் செயலி வழியாக வேலை பார்க்கும் டெலிவரித் தம்பிகள் மாதிரியான 2,000 இணையவழித் தொழிலாளர்களுக்கு மின்ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள், நல்ல தொடக்கம். டெல்லி இன்னும் ஒரு படி மேலே போய், 25 வண்டியோ அதற்கு மேலோ வைத்திருக்கும் டெலிவரி நிறுவனங்கள் 2030 ஏப்ரலுக்குள் முழுக்க மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று 2023-ல் விதியே போட்டுவிட்டது. சுமையை யார் தலையில் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். மானியம் போக மீதிக் கடனைத் தொழிலாளி கட்டுவதற்கும், மாறும் பொறுப்பு கம்பெனிக்கு என்று சட்டம் சொல்வதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அப்படி மாறினாலும் ஆறு பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் ஆறு மின்சார வண்டி நிற்கும். புகை போகும்; நெரிசல் போகாது, பிளாட்பாரம் திரும்பக் கிடைக்காது. துரைசாமி சுரங்கப்பாதையில் சாயங்காலம் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு முன்னால் நிற்கும் வண்டி எதில் ஓடுகிறது என்பதா கவலை?

எனவே நான் முதலில் கேட்பது வண்டி இல்லை, இடம். தெருமுனையில் நடக்கும் அந்தப் பிரிப்பு வேலைக்கு வார்டுக்கு ஓரிடம் கொடுங்கள். மேம்பாலங்களின் அடியில், மாநகராட்சி வணிக வளாகங்களில் பூட்டிக் கிடக்கும் கடைகளில், தியாகராய சாலையில் நீங்கள் கட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் ஒரு மூலையில் என்று பார்த்தால் இடம் கிடைக்கும். ஒரு கூரை, அலமாரி, வண்டி சார்ஜ் செய்ய பாயின்ட், குடிதண்ணீர், ஆண் பெண் இருவருக்கும் கழிப்பறை இருந்தால் போதும். சும்மா கொடுக்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். நிபந்தனை ஒன்று: எந்தக் கம்பெனிப் பார்சலானாலும் அங்கே வந்து தெருவாரியாகப் பிரிய வேண்டும். அங்கிருந்து நாலு தெருவுக்கு ஓர் ஆள், ஒரு பேட்டரி மூன்று சக்கர வண்டி.

ஐரோப்பிய நகரங்களில் இதற்குச் சரக்கு சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று படங்கள் வருகின்றன. மீன்பாடி வண்டி என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வளைந்து போன ஊர் நம்முடையது. அதில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டிப் புகை கக்கவிட்டு, கோர்ட் கேஸ் வரை போனது தனிக் கதை. இன்றைக்கும் தண்ணீர் கேன் பாதி தெருக்களில் மூன்று சக்கரத்தில்தான் வருகிறது. சந்து நமக்குப் புதிதல்ல, அதற்கேற்ற வண்டியும் புதிதல்ல.

போட்டிக் கம்பெனிகள் ஒன்றாகச் சேருமா என்று கேட்பீர்கள். ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. கூரியர் நிறுவனத் தம்பியின் சாக்கைப் பிரித்தால் பத்துப் பதினைந்து விற்பனையாளர்களின் பெட்டிகள் ஒன்றாகக் கிடக்கும். பரம எதிரிகளான இரண்டு அழகுசாதனப் பிராண்டுகள் எங்கள் ஷூ ரேக்கின் மேல் அருகருகே இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். செல்போன் கம்பெனிகள் ஒரே டவரில் ஆளுக்கொரு ஆன்டெனா மாட்டிக்கொள்கின்றன. லாபம் இருந்தால் சேர்வார்கள், விதி இருந்தாலும் சேர்வார்கள். இரண்டும் இல்லாமல் சேரமாட்டார்கள்.

அடுத்தது, வந்த வண்டியே மறுபடி வருவது. இதில் பாதிப் பழி நம் ஊர்க் கதவு எண்களுக்கு. பழைய எண் 14, புதிய எண் 31; நாலு வீடு தள்ளி பழைய எண் 31, புதிய எண் 52. முகவரியில் 31 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தம்பி என்ன செய்வார்? முதலில் அங்கே போவார், பிறகு இங்கே வருவார், கடைசியில் "சார், லொகேஷன் அனுப்புங்க" என்று போன் செய்வார். வண்டி ஓட்டிக்கொண்டே செய்வார், அதுதான் பயமாக இருக்கிறது. எத்தனை வருடமாகச் சென்னை இந்த இரட்டை எண்ணைச் சுமக்கிறது! அஞ்சல் துறை 2025-ல் டிஜிபின் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி. மாடி எது என்று அது சொல்லாது, வாசலைச் சொல்லிவிடும். சொத்து வரி ரசீதில் அந்தக் குறியை அச்சடித்துக் கொடுத்து, பழைய எண்ணை ஒரு தேதியோடு ஒழித்துவிட்டால் என்ன? இதற்கு டெண்டர்கூடப் பெரிதாகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி, ஆள் இல்லாத வீடுகள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்சல் வந்தால் யார் கதவைத் திறப்பது? பார்சல் வரும்போது பணம் கொடுத்து வாங்கும் ஆர்டராக இருந்தால் பக்கத்து வீட்டிலும் வைத்துவிட்டுப் போக முடியாது. நான் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே "வந்து பார்த்தோம், வாடிக்கையாளர் இல்லை" என்று செய்தி வந்ததும் உண்டு. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது மாடி ஏறி இறங்கும் நேரத்தில் அவருடைய கெடு முடிந்துவிடும். மறுநாள் அதே பெட்டி மறுபடியும் பெட்ரோல் குடித்துக்கொண்டு வரும். ஜப்பானில் பத்துக்கு ஒன்றுக்கும் மேலான பார்சல் முதல் தடவை சேராமல் திரும்புகிறது என்று அரசே கணக்கெடுத்து, அதைப் பாதியாக்க இலக்கு வைத்து வேலை செய்தது. நம்மிடம் கணக்கே இல்லை.

போலந்தில் இன்போஸ்ட் என்ற நிறுவனம் 20,000-க்கும் மேற்பட்ட பார்சல் பெட்டகங்களைக் கடைவாசல்களிலும் குடியிருப்புகளுக்கு நடுவிலும் நிறுத்தியிருக்கிறது. போனில் வரும் குறியீட்டைக் காட்டினால் பெட்டகம் திறக்கும், ராத்திரி பத்து மணிக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வண்டி ஒரே இடத்தில் நின்று நூறு பேருடைய பார்சலைப் போட்டுவிட்டுப் போகிறது. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலிறங்கி வீட்டுக்கு நடக்கிற கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். மெட்ரோ நிலையங்கள், பேருந்து முனையங்கள், ஆவின் பாலகங்கள் எல்லாம் எப்படியும் நாங்கள் கடந்து போகிற இடங்கள். பால் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் பூத்துக்கு நடந்தவர்கள்தான் நாங்கள். சார்ஜர் ஒயர் வாங்க நடக்க மாட்டோமா? ஆனால் நடப்பவருக்குப் பத்து ரூபாயாவது குறைய வேண்டும். வீட்டு வாசலுக்கு வருவதும் பெட்டகத்துக்கு வருவதும் ஒரே விலை என்றால் மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மாமி மாதிரி முடியாதவர்களுக்கு வாசல் டெலிவரி இருந்துதான் ஆக வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது.

பெட்டகத்துக்கு முதலீடு அதிகம் என்றால் அண்ணாச்சி கடைகள் இருக்கின்றன. அமேசான் 2015-லேயே அக்கம்பக்கக் கடைக்காரர்களைப் பார்சல் சேர்ப்பவர்களாக ஆக்கும் திட்டம் கொண்டுவந்தது. அது அவர்களுடைய பார்சலுக்கு மட்டும். நான் கேட்பது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கடை. பார்சலுக்கு இவ்வளவு என்று அண்ணாச்சிக்கும் ஒரு வருமானம். ஆன்லைன் வந்து அவர் வியாபாரத்தைத் தின்றது போதும், கொஞ்சம் திருப்பிக் கொடுக்கட்டும்.

பத்து நிமிட மளிகை பற்றியும் சொல்லியாக வேண்டும், அதில் என் அபிப்பிராயம் கடுமையானது. தெருவுக்குள் இருட்டுக் கிடங்கு ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள், அதாவது வாடிக்கையாளர் உள்ளே போய் வாங்க முடியாத, டெலிவரிக்கு மட்டுமான கடை. வாசலில் எந்நேரமும் இருபது பைக், பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுக்க முடியாது, ராத்திரி பன்னிரண்டுக்கும் ஹாரன். தூரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரத்துக்கு ஒரு பையாக வந்த மளிகை, பச்சை மிளகாய்க்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை, ஐஸ்கிரீமுக்கு ஒரு தடவை என்று தனித்தனி ஓட்டமாகிவிட்டது. அவசரம் உண்மையில் யாருக்கு? மருந்துக்குப் பத்து நிமிடம் சரி. உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு ஒருவர் சிக்னல் தாண்டிப் பறக்க வேண்டியதில்லை. இந்தக் கிடங்குகளுக்குத் தொழில் உரிமம் கொடுப்பது நீங்கள். எத்தனை பைக் நிற்க உள்ளே இடம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உரிமம் என்றதும் தகவலும் நினைவுக்கு வருகிறது. வார்டுவாரியாக மாதம் எத்தனை பார்சல், எத்தனை ஓட்டம், எத்தனை திரும்பிப் போனது, எத்தனை மின்சார வண்டியில் என்ற நாலே எண்களைக் கம்பெனிகள் கும்டாவிடம் ஒப்படைக்க வேண்டும். வாடிக்கையாளர் பெயரோ வாங்கிய பொருளோ யாருக்கும் வேண்டாம். இந்த நாலு எண் இல்லாமல் நீங்கள் போடும் எந்தத் திட்டமும் குத்துமதிப்புதான். நகர வளர்ச்சிக்கான மூன்றாம் பெருந்திட்டம் தயாரிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சி.எம்.டி.ஏ.) இது பயன்படும். புதிய அடுக்ககங்களுக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போது தரைத்தளத்தில் பார்சல் அலமாரிக்கு ஓரிடம் ஒதுக்கச் சொல்ல 2019-ம் ஆண்டின் கட்டட விதிகளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சுற்று குறைந்தால் தொழிலாளி பிழைப்பு போகாதா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூலி கிலோமீட்டருக்கு அல்ல, பார்சலுக்கு. ஒரே தெருவில் முப்பது பார்சல் கிடைத்தால் அதே கூலி, பெட்ரோல் மிச்சம், முதுகும் மிச்சம். ஆனால் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்ததும் அதைச் சாக்காக வைத்துப் பார்சலுக்கான கூலியைக் கம்பெனிகள் குறைக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளர்கள் உட்கார வேண்டும். இணையவழித் தொழிலாளர்களுக்கு 2023-ல் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அண்ணா நகரில் 2025-ல் அவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது உங்கள் மாநகராட்சிதான். அந்த ஓய்வறைக்குப் பக்கத்தில் பார்சல் பிரிக்கவும் ஒரு கூடம் இருந்திருந்தால் நான் மேலே கேட்ட இடம் அதுவாகவே இருந்திருக்கும். ஓய்வறை கட்டும் அடுத்தடுத்த இடங்களில் யோசியுங்கள்.

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றுப்பை, அதற்குள் ஒரு பேனா ரீஃபில் என்ற கொடுமையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அட்டையைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்கிறார். டேப்பும் பிளாஸ்டிக் உறையும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கோ பெருங்குடி குப்பைக் கிடங்குக்கோ போகின்றன.

எல்லாவற்றையும் 200 வார்டிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. தி.நகரும் மேற்கு மாம்பலமும் இருக்கும் கோடம்பாக்கம் மண்டலத்தில் ஒன்றிரண்டு வார்டுகளை எடுத்து ஆறு மாதம் பாருங்கள். தீபாவளித் தள்ளுபடி தொடங்கும் முன்பு ஆரம்பித்தால் நல்லது. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் சாக்கு வைக்கவும் இடமிருக்காது, அதோடு மழையும் சேர்ந்துகொள்ளும். ஒரு பிரிப்புக் கூடம், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெட்டக வரிசை, பொதுவான நாலு அண்ணாச்சி கடை, அந்த நாலு எண். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை அக்கம்பக்கத்துப் பார்சல்களுக்குக் கொடுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம். பூட்டும் அலமாரியும் யார் செலவு என்பதில் மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது. மடலின் நகலை வார்டு மக்கள் குறை சொல்லும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் எங்கள் கவுன்சிலரிடம் கொடுக்கிறேன். கும்டாவிலிருந்து யாராவது ஒருவர் ஒரு வேலைநாளில், பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், ஆரியகவுடா சாலைக்கு வந்தால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்து அடுக்ககச் சங்கச் செயலாளர் ஒருவர்